மாத்திரை பள்ளிக்கூடத்தில், நோய் படித்துறையில்: செனகல் ஆற்றங்கரை பில்ஹார்சியா, ஒரு நிகழ்வு ஆய்வு

காலை பத்து மணிக்கு மேல், மதியம் இரண்டு மணிக்குள். பள்ளிப் பிள்ளைகளிடம் சிறுநீர் மாதிரி வாங்க இதுதான் நேரம். உடம்புக்குள் இருக்கும் புழுவின் முட்டைகள் உச்சிப்பொழுதில்தான் அதிகமாக வெளியேறும். வாங்குவதற்கு முன்னால் பிள்ளைகளைக் கொஞ்சம் ஓடச் சொல்வதும் உண்டு, உடம்பு அசைந்தால் முட்டை கூடுதலாக வரும் என்பதால். அப்புறம் குப்பியை நன்றாகக் குலுக்கி, பத்து மில்லியை சிரிஞ்சில் உறிஞ்சி, அதன் முனையில் சட்டைப் பொத்தான் அளவுள்ள வடிகட்டியை மாட்டி அழுத்தினால், சிறுநீர் வெளியே போய்விடும், முட்டைகள் வடிகட்டியில் தங்கிவிடும். அதை அப்படியே கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நீளவாக்கில், நெல்மணி மாதிரி, ஒரு முனையில் மட்டும் சின்ன முள்ளோடு கிடக்கும். எண்ண வேண்டும். பத்து மில்லியில் 50 முட்டையோ அதற்கு மேலோ இருந்தால் கடுமையான தொற்று.

சில குப்பிகளுக்கு நுண்ணோக்கியே வேண்டாம். கையில் வாங்கும்போதே சிவப்பாக இருக்கும்.

இது பில்ஹார்சியா. மருத்துவப் பெயர் சிஸ்டோசோமியாசிஸ். ஆப்பிரிக்காவில் இந்த நோய் ஊறிப்போன சில பகுதிகளில் பையன்களுக்குச் சிறுநீர் சிவப்பாக வருவதைப் பருவமடைவதன் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பையன்களுக்கும் வருகிறது, அப்பாவுக்கும் அந்த வயதில் வந்தது, அப்படியென்றால் அது எப்படி நோயாகும்? ஒரு நோய் ஊர் முழுக்கப் பரவிவிட்டால் அது வழக்கம் என்ற பெயரில் ஒளிந்துகொள்கிறது. இந்த நோயில் எனக்கு மிகவும் உறைத்த விஷயம் அதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் 25 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இதற்கான தடுப்பு சிகிச்சை தேவைப்பட்டது, கிடைத்தது சுமார் 7.5 கோடிப் பேருக்கு. தேவைப்படுவோரில் பத்தில் ஒன்பது பேருக்குக் குறையாமல் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் புரியாது. அதனால் ஒரே ஒரு ஆற்றை எடுத்துக்கொள்கிறேன்.

அணை வந்த கதை

செனகல் ஆறு செனகலுக்கும் மொரிட்டானியாவுக்கும் நடுவே எல்லைக்கோடாக ஓடி, செயிண்ட் லூயி நகரத்துக்கு அருகே அட்லாண்டிக்கில் கலக்கிறது. கழிமுகப் பகுதி ஒரே சமதளம். அதனால் கோடையில் ஆற்றில் நீர் வற்றியதும் கடல் உள்ளே ஏறிவிடும், 200 கிலோமீட்டர் வரைகூட உப்புத்தண்ணீர் போய்விடும். விவசாயத்துக்கு ஆகாது, குடிக்க ஆகாது. 1970களில் சஹாராவுக்குத் தெற்கே உள்ள சஹேல் பகுதி முழுவதையும் வாட்டிய பஞ்சத்தில் செனகல், மாலி, மொரிட்டானியா மூன்று நாடுகளும் சேர்ந்து ஆற்றுக்கென ஒரு கூட்டமைப்பு அமைத்து, இரண்டு அணைகள் கட்ட முடிவெடுத்தன. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் டியாமா, 1986இல் முடிந்தது. வேலை கடலைத் தடுப்பது. மேலே மாலி நாட்டில் மனந்தாலி, 1988. வேலை வெள்ளத்தைத் தேக்கிவைத்து ஆண்டு முழுக்கத் திறந்துவிடுவது.

திட்டம் தோற்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். உப்பு நின்றது, நெல் விளைந்தது, கரும்பு விளைந்தது, குய்யே ஏரியில் எப்போதும் நல்ல தண்ணீர் நின்றது. தலைநகர் டக்கார் வரைக்கும் குழாயில் போகிற தண்ணீர் அந்த ஏரியிலிருந்துதான்.

ஆனால் உப்பு இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. இந்த நோயின் புழு தனக்குள் பெருக இடம் கொடுக்கும் நன்னீர் நத்தைகளை அது வளரவிடவில்லை. உப்பு போனதும், ஆண்டு முழுக்க ஓட்டமில்லாமல் நிற்கும் நன்னீரும், வாய்க்கால்களும், அந்த வாய்க்கால்களில் உரம் கலந்து ஓடிவரும் வடிகால் நீரும், அதில் கொழுத்து வளரும் நீர்ச்செடிகளும் சேர்ந்து, நத்தைக்கு இதைவிடத் தோதான இடத்தை யாராலும் வேண்டுமென்றே கட்டிக்கொடுக்க முடியாது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

ரிச்சர்ட் டோல் என்று ஆற்றங்கரையில் ஒரு ஊர். டோல் என்றால் வோலோஃப் மொழியில் தோட்டம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிச்சர்ட் என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் அங்கே செடி வளர்த்துப் பார்த்ததால் வந்த பெயர். 1970களிலிருந்து சுற்றிலும் கரும்புக்காடு, வேலைக்கு நாட்டின் நாலாபக்கமிருந்தும் ஆட்கள். குடலைத் தாக்கும் வகை பில்ஹார்சியா அதற்கு முன் அந்தக் கழிமுகத்தில் கிடையாது. 1988இன் தொடக்கத்தில் அங்கே முதல் நோயாளிகளைக் கண்டுபிடித்தார்கள். டியாமா முடிந்து இரண்டே வருடம். அதற்கடுத்த இரண்டு வருடத்துக்குள் ஊரில் பாதிப்பேருக்கு மேல் தொற்று. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த யாரோ சிலரின் குடலில் புழு வந்திருக்கும். நத்தை ஏற்கெனவே வாய்க்காலில் தயாராகக் காத்திருந்தது.

புழு செய்யும் வேலை

இந்தச் சுற்றை மனதில் பதித்துக்கொண்டால்தான் மற்றது புரியும். ஒரு பிள்ளையின் சிறுநீரோ மலமோ தண்ணீரில் கலக்கிறது. அதிலிருக்கும் முட்டை நன்னீர் பட்டதும் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு குஞ்சு நீந்தத் தொடங்குகிறது. ஒரு நாளைக்குள் அதற்கான நத்தை கிடைக்காவிட்டால் செத்துவிடும். கிடைத்தால், நத்தைக்குள் போய்த் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு, நாலைந்து வாரம் கழித்து ஆயிரக்கணக்கில் வெளியே வருகிறது. வரும்போது வால் இரண்டாகப் பிளந்திருக்கும். வெளியே வருவதும் வெளிச்சம் பார்த்துத்தான், நல்ல வெயில் ஏறிய நேரத்தில். பிள்ளைகள் குளிக்க இறங்குவதும் அதே நேரம்தான்.

தண்ணீரில் நிற்கும் கால் தோலை அது சில நிமிடங்களில் துளைத்துவிடும். வாலை வெளியே விட்டுவிட்டு ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகக் கல்லீரலுக்குப் போய், அங்கே வளர்ந்து ஜோடி சேர்கிறது. ஆண்புழுவின் உடம்பில் நீளவாக்கில் ஒரு மடிப்பு இருக்கும், பெண்புழு அதற்குள்ளேயே குடியிருக்கும், வருடக்கணக்கில். மூன்றிலிருந்து பத்து ஆண்டு வரை வாழும். மூத்திரப்பையைச் சுற்றிய ரத்தக்குழாய்களில் தங்குவது ஒரு வகை, குடலைச் சுற்றியவற்றில் தங்குவது இன்னொரு வகை. செனகல் ஆற்றங்கரைப் பிள்ளைகள் பலருக்கு இரண்டுமே இருக்கும்.

உடம்பைக் கெடுப்பது புழுவைவிட முட்டைதான். இடுகிற முட்டைகளில் பாதிக்கு வெளியேற வழி கிடைப்பதில்லை. அவை சதையிலேயே சிக்கிக்கொள்ள, உடம்பு ஒவ்வொரு முட்டையையும் சுற்றி ஒரு முடிச்சைக் கட்டுகிறது. மூத்திரப்பைச் சுவர் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய் வரை போகலாம். குடல் வகையில் கல்லீரல் தழும்பேறி வயிறு வீங்கும். பெண்களுக்குப் பிறப்புறுப்பில் புண்ணாகிறது, பால்வினை நோய் என்று தவறாக நினைத்து அவமானப்படுத்துவதும் நடக்கிறது. ஆனால் இதெல்லாம் பின்னால் வருவது. பள்ளி வயதில் தெரிவது ரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு, வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருப்பது. யாரும் இதற்காகப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் நம்மவர்களுக்குக் குழப்பம் வரும். நம் ஊரில் நரம்புச் சிலந்தி என்ற புழுநோய் இருந்தது, வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதுவும் தண்ணீரால் வருவதுதான், ஆனால் குடிப்பதால் வருவது. துணியில் வடிகட்டிக் குடி, படிக்கிணற்றில் இறங்காதே என்று சொல்லிச் சொல்லியே அதை ஒழித்தார்கள், 2000இல் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாகச் சான்று கிடைத்தது. பில்ஹார்சியாவுக்கு அந்த வழி செல்லாது. குடிநீரை எவ்வளவு காய்ச்சினாலும், துணி துவைக்க முழங்கால் தண்ணீரில் நின்றால் முடிந்தது.

மாத்திரை

இப்போது நல்ல செய்தி. பிராசிகுவாண்டல் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, 1970களில் கண்டுபிடித்தது. அதற்கு முன்னால் இருந்தவை மோசம். எகிப்தில் ஆண்ட்டிமனி உப்பை ஊசியாகப் போட்டார்கள், போதிய அளவு கொதிக்கவைக்காத ஊசிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் ஒரு தலைமுறைக்கே ஹெபடைடிஸ் சி பரவிவிட்டது. அதோடு ஒப்பிட்டால் இது வரம். ஒரே வேளை, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம். பள்ளிக்கூடத்தில் எடைக்கருவிகூட வேண்டாம், உயரத்துக்கு ஏற்ப எத்தனை மாத்திரை என்று கோடு போட்ட ஒரு கம்பு போதும். பிள்ளையை அதனருகே நிறுத்து, தலை எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அத்தனை மாத்திரை. தயாரிக்கும் மெர்க் நிறுவனம் 2007இலிருந்து உலக சுகாதார நிறுவனம் வழியாக இலவசமாகக் கொடுக்கிறது.

மாத்திரை பெரியது, கசப்பு பயங்கரம், வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். புழு அதிகமிருக்கும் பிள்ளைக்கு மாத்திரை போட்டதும் வயிற்றுவலியும் வாந்தியும் வரும், அதாவது மிகவும் தேவைப்பட்ட பிள்ளைதான் மிகவும் கஷ்டப்படும். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா அடுத்த வருடம் தன் பிள்ளையை அன்று பள்ளிக்கு அனுப்பாமல் இருந்தால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. சோறு போட்டு மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், சிகிச்சை நாளின் வெற்றியே அதில்தான் இருக்கிறது. அப்புறம், பள்ளிக்கூடத்தில் கொடுத்தால் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குத்தான் கிடைக்கும். ஆடுமாடு மேய்க்கும் பையனுக்கும், குரான் பள்ளியில் மட்டும் படிக்கும் பையனுக்கும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்ட பெண்ணுக்கும் கிடைக்காது. அந்தத் தம்பிக்கும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. துவைக்கப் போகும் அம்மாவின் இடுப்பில் இருந்து தண்ணீரில் இறங்கும் குழந்தைக்கு ஒரு வயதிலேயே தொற்று வரலாம், ஆனால் அந்த வயதுக்கு ஏற்ற கரையும் மாத்திரைக்கு ஐரோப்பிய மருந்து முகமை பச்சைக்கொடி காட்டியது 2023 டிசம்பரில்தான்.

சரி, மாத்திரை போட்டாயிற்று. அப்புறம் என்ன நடந்தது என்பதற்கு ரிச்சர்ட் டோலுக்குப் பக்கத்திலுள்ள ந்டோம்போ கிராமம் சாட்சி. 1990களின் முதல் பாதியில் அங்கே முறைப்படி மாத்திரை கொடுத்து, 12 வாரம் கழித்து மறுபடி மலத்தைப் பரிசோதித்தார்கள். மற்ற இடங்களில் பத்தில் ஏழெட்டுப் பேராவது குணமாகியிருக்க வேண்டும். ந்டோம்போவில் முட்டை முழுவதுமாக நின்றுபோனவர்கள் 18 சதவீதம்.

மருந்தை எதிர்க்கும் புழு வந்துவிட்டதோ என்று பெரிய பதற்றம். ஆனால் இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: முட்டைகளின் எண்ணிக்கை 86 சதவீதம் குறைந்திருந்தது. மருந்து வேலை செய்திருக்கிறது. ஆனால் ஆரம்பத்திலேயே புழு அவ்வளவு அதிகம். அதற்கு மேல், பிராசிகுவாண்டல் வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், தோலைத் துளைத்து உள்ளே வந்து சில வாரமே ஆன குட்டிப்புழுவை ஒன்றும் செய்யாது. மாத்திரை விழுங்கிய அன்று பிள்ளையின் உடம்பில் எல்லா வயதுப் புழுவும் இருந்திருக்கும், பெரியவை செத்திருக்கும், சிறியவை அந்தப் பன்னிரண்டு வாரத்தில் பெரியவை ஆகியிருக்கும். அன்று மாலையே பிள்ளை மறுபடி வாய்க்காலில் குளித்திருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரின் வெயில் அப்படி.

என்னைக் கேட்டால் இந்த நிகழ்வின் மையம் ந்டோம்போதான். அந்த 18 சதவீதத்தை மருந்தின் கணக்காகப் படிக்கக்கூடாது, படித்துறையின் கணக்காகப் படிக்க வேண்டும். பிள்ளைகள் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு கெட்ட தண்ணீரில் நின்றார்கள் என்பதைத்தான் அது அளந்தது.

‘தண்ணீரில் இறங்காதே’ என்று சொல்வதில் பயனில்லையா என்று கேட்கலாம். ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். ஊரில் குழாய் வந்தாலும் அந்தத் தண்ணீருக்குக் காசு. அதைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வார்கள், பத்துப் பேர் துணியைத் துவைக்க ஆறுதான். துறையில்தான் பெண்கள் சந்தித்துப் பேசுகிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள், பிள்ளைகள் குதிக்கிறார்கள், மாடு குடிக்கிறது. நம் கிராமங்களின் குளத்துப் படித்துறையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

இறாலும் பாசியும்

டியாமா அணை கடலை மட்டும் தடுக்கவில்லை, இறாலையும் தடுத்துவிட்டது. அந்த ஆற்றில் பெரிய நன்னீர் இறால் ஒன்று உண்டு, நம் பக்கத்தில் ஸ்கேம்பி என்று வளர்த்து ஏற்றுமதி செய்தோமே, அதன் பங்காளி. வாழ்வது ஆற்றில், ஆனால் குஞ்சு பிழைக்க உப்புக் கலந்த முகத்துவாரத் தண்ணீர் வேண்டும். நடுவில் சுவர் எழும்பியதும் மேலே இறால் அருகிப்போனது. இந்த இறால் நத்தையை விரும்பித் தின்னும். ஆக, ஒரே சுவர் நத்தைக்குப் பகையான உப்பையும் எடுத்தது, நத்தையைத் தின்னும் இறாலையும் எடுத்தது.

இதை யோசித்த ஆய்வாளர்கள் லாம்ப்சார் என்ற கிராமத்தில் பிள்ளைகள் இறங்கும் துறையைச் சுற்றி வலை கட்டி உள்ளே இறாலை விட்டார்கள். பக்கத்துக் கிராமம் ஒன்றை ஒப்பீட்டுக்கு அப்படியே விட்டார்கள். இரண்டு ஊருக்கும் மாத்திரை கொடுத்தார்கள், யாருக்கு மறுபடி வருகிறது என்று பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவு: இறால் விட்ட துறையில் தொற்றுள்ள நத்தைகள் சுமார் 80 சதவீதம் குறைவு, மக்களிடம் முட்டைச் சுமை ஏறத்தாழ பாதி. நத்தையை ஒழித்துவிடவில்லை, குறைத்தது, அதுவே போதுமானதாக இருந்தது. கேட்க அழகான கதை. ஆனால் இரண்டே ஊர், அதுவும் வலை கிழியும், இறால் சாகும், குஞ்சு வாங்கப் பணம் வேண்டும், பெரிதான இறாலை யாராவது குழம்பு வைக்காமல் விடுவார்களா என்பதும் இருக்கிறது. (அப்படித் தின்பதும் திட்டத்துக்கு நல்லதுதான் என்று அவர்கள் சொன்னார்கள், சின்ன இறால்தான் உடம்பளவுக்கு அதிக நத்தை தின்னுமாம்.)

எனக்கு இதைவிட நம்பிக்கை தந்தது அதற்கடுத்த முயற்சி. நத்தை எங்கே இருக்கிறது என்று துறை துறையாகத் தேடியபோது அது பெரும்பாலும் ஒரே செடியில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. செரட்டோஃபில்லம், நீருக்கடியில் நரிவால் மாதிரி அடர்ந்து வளர்வது. நம் ஏரியில் வேலம்பாசி மண்டுவதைப் பார்த்திருந்தால் கிட்டத்தட்ட அப்படித்தான். வயலில் உரம் போடப் போட அது கொழிக்கிறது. சரி, அதை வாரி எடுத்தால்? 16 இடங்களைச் சீட்டுப் போட்ட மாதிரிக் குலுக்கிப் பிரித்து, பாதி ஊர்களில் மட்டும் துறையிலிருந்த செடியை வாரினார்கள். 2023இல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. வாராத ஊர்களின் பிள்ளைகளிடம் குடல் பில்ஹார்சியாவின் தொற்று வீதம் வாரிய ஊர்களில் இருந்ததைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

வாரிய செடியைக் கரையில் குவித்துவைத்து என்ன செய்வது? ஆட்டுக்குப் போட்டார்கள், தின்றது. கடையில் வாங்கும் தீவனத்துக்கு இணையாக இருந்தது, விலையோ அற்பம். மட்கவைத்து வயலில் போட்டார்கள், விளைச்சல் கூடியது. வயலிலிருந்து ஓடிவந்த உரம்தானே செடியாக நின்றது, அது மறுபடி வயலுக்கே போனது. மனிதர்கள் நோய்த்தடுப்புக்காக வருடாவருடம் கையைக் கடிக்கும் வேலையைச் செய்யமாட்டார்கள், ஆட்டுத்தீவனத்துக்காகச் செய்வார்கள் என்பது என் கணிப்பு. அந்த ஆய்வின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது.

இடையில் ஒன்று. 2013இல் பிரான்சின் கோர்சிகா தீவில், கவு என்ற மலையாற்றில் கோடையில் குளித்த சுற்றுலாப் பயணிகளுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. தொற்று கண்டவர்கள் நூற்றுக்கும் மேல். மரபணுவைப் பார்த்தால் மனிதப் புழுவும் மாட்டுப் புழுவும் கலந்த ஒரு கலப்பினம், வேர் செனகல் பக்கம். யாரோ ஒருவர் விமானத்தில் வந்து ஆற்றோரம் சிறுநீர் கழித்ததில் ஆரம்பித்திருக்கும். விஷயம் தெரிந்ததும் கவு ஆற்றில் குளிக்கத் தடை போட்டார்கள். செனகல் ஆற்றில் தடை போட யாரும் நினைத்ததுகூட இல்லை, போடவும் முடியாது. அதோடு மாட்டுப் புழுவும் கலந்திருக்கிறது என்றால் பிள்ளைக்கு மட்டும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பது எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்வியும் இருக்கிறது, துறையில் மாடும்தான் இறங்குகிறது.

மறுபடி செடிக்கு வருகிறேன். வாரினால் போய்விடுகிற செடி இல்லை அது, உரம் வந்துகொண்டிருக்கும்வரை முளைத்துக்கொண்டே இருக்கும், வருடத்துக்குச் சில தடவை வார வேண்டும். வாருபவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும், எந்தத் தண்ணீரில் நிற்கக்கூடாது என்கிறோமோ அதே தண்ணீரில். இடுப்புக்கு மேல்வரை வரும் ரப்பர் உடை வேண்டும், வேலை முடிந்தபின் அவருக்கும் மாத்திரை வேண்டும். யார் வாங்கிக்கொடுப்பது? மாத்திரை சுகாதாரத் துறை, பிள்ளைகள் கல்வித் துறை, உரம் விவசாயத் துறை, அணை ஆற்று நாடுகளின் கூட்டமைப்பு. ஆற்றில் இறங்கும் அந்தப் பத்தடித் துறை மட்டும் எந்தத் துறையிலும் இல்லை. அதனால் இப்போதைக்கு அது துவைக்க வரும் பெண்களின் கையில் இருக்கிறது. அவர்கள் துணியை நனைக்க இடம் வேண்டுமென்று காலில் சிக்கும் செடியைக் கையால் ஒதுக்கித் தள்ளுகிறார்கள். அது நாலடி தள்ளிப் போய் மிதக்கிறது, நத்தையோடு.